நாக்கு நாராயணன் குடிக்காத காபி

அத்தியாயம் 7

மூன்றாவது நாளும் செஞ்சியில் நாக்கு நாராயணன் என்று ஒருவர் இல்லை.

தபால் ஆபீசில் கேட்டாயிற்று. "பெட்டியில விழற கவருக்கு மூஞ்சி ஏது சார்?" என்று போஸ்ட் மாஸ்டர் முத்திரையை ஓங்கிக் குத்திவிட்டு அடுத்த கவரை எடுத்துக்கொண்டார். வக்கீல்கள் இருவர், ஹைஸ்கூல் தமிழாசிரியர், வாசகசாலைக் காரியதரிசி, மாதம் ஒரு தடவை மெட்ராஸ் போய்வரும் ஜவுளிக்கடை முதலாளி என்று எல்லோரையும் பார்த்தாயிற்று. எல்லோரும் நாக்கு நாராயணனைப் படித்திருந்தார்கள். ஒருவரும் அவரைப் பார்த்ததில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த காபி கிளப்பில் துப்பறியும் நிபுணர் தேவநாதன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே அவருடைய உதவியாளன் ஆதிமூலம் மேல்சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுப் பத்திரிகையால் விசிறிக்கொண்டிருந்தான். சித்திரை வெயில். ராஜகிரி மலையைப் பார்த்தாலே கண் கூசியது.

"சார், ராஜா தேசிங்கையே பத்து மாசத்துல முடிச்சிட்டாங்க இந்த ஊர்ல. நாம மூணு நாள் தாக்குப் பிடிச்சதே பெரிசு" என்றான் ஆதிமூலம்.

தேவநாதன் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை கோர்ட். இன்றைக்குச் சனிக்கிழமை.

"தேன்துளி" வாரப் பத்திரிகையில் "பந்திக்கு முந்து" என்று ஒரு பக்கம். மெட்ராசில் எந்த ஹோட்டலுக்குப் போகலாம், அங்கே எதைச் சாப்பிடலாம் என்று நாக்கு நாராயணன் எழுதுவார். கல்யாண ஜவுளி எடுக்கவும் ஆஸ்பத்திரிக்கும் பட்டணம் வருகிற வெளியூர்க்காரர்கள் அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வருவார்கள். அவர் ஒரு ஹோட்டலைப் புகழ்ந்தால் மறுநாளே வாசலில் கூட்டம் நிற்கும்.

பங்குனிக் கடைசி இதழில் அவர் எழுதியது இப்படி வந்திருந்தது: "சந்திர நிவாஸ் வடையைத் தொடாதீர்கள். அந்த எண்ணெய் கடலை எண்ணெய் மட்டும் அல்ல."

பத்திரிகை வெளிவந்தபோது காலம் கடந்துவிட்டிருந்தது. சந்திர நிவாசில் தினமும் சாப்பிட்டுவந்த பதினேழு பேருக்குக் கால் வீங்கி மூச்சு வாங்கியது. இரண்டு பேர் இறந்தார்கள். எண்ணெயில் கடுகு போலிருக்கும் பிரமதண்டு விதையின் விஷ எண்ணெய் கலந்திருக்கிறது என்றார்கள் டாக்டர்கள். "புதுசாய் வந்த சமையற்காரன் சம்பந்தம் மலிவாய் வாங்கிப் போட்டான்" என்று ஹோட்டல்காரர் கைகாட்டினார். போலீஸ் சம்பந்தத்தைப் பிடித்துக்கொண்டு போனது.

சம்பந்தம் வேலைக்குச் சேர்ந்தது பங்குனி முதல் தேதி. அதற்கு முன்பே அந்த வடை கெட்டிருந்தது என்று சொல்ல ஒரு சாட்சி வேண்டும். பத்திரிகை ஆசிரியரோ கட்டுரையை மேஜை இழுப்பறையில் போட்டு மறந்திருந்தார். எப்போது வந்தது என்று அவருக்கு நினைவில்லை. எழுதியவர் சன்மானமே வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் விலாசமும் கிடையாது. வாராவாரம் வரும் கவரில் செஞ்சி முத்திரை இருக்கும் என்பது மட்டும்தான் தெரியும்.

"எப்படியாவது அந்த மனுஷரைக் கொண்டுவந்துடுங்க" என்று சம்பந்தத்தின் மனைவி சாரதா கேட்டபோது, "மூன்று நாளில்" என்று தேவநாதன் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த மூன்று நாள் இன்றோடு முடிகிறது.

"நமஸ்காரம். நாக்கு நாராயணனைத் தேடறீங்களாமே?"

நரைத்த மீசை, மடிப்புக் கலையாத அங்கவஸ்திரம். தங்கராசு, ஓய்வு பெற்ற ரெவின்யூ இன்ஸ்பெக்டர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வெளியில சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். ஆனா நீங்க வெயில்ல அலையறதைப் பாத்தா மனசு கேக்கல. நான்தான் அது."

ஆதிமூலம் துள்ளி எழுந்தான். இட்லி வந்தது. பொங்கல் வந்தது. இன்னொரு பொங்கலும் வந்தது. தங்கராசு சாப்பிட்டுக்கொண்டே மெட்ராஸ் ஹோட்டல்களைப் பற்றிப் பொதுவாகப் பேசினார். தேவநாதன் பொறுமையாகக் காத்திருந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சந்திர நிவாஸ் வடையைப் பற்றி எழுதினீர்களே, ஞாபகம் இருக்கிறதா?"

"ஆகா! அது மாதிரி வடை இந்த ஜில்லாவிலயே கெடையாது சார்!"

தேவநாதன் கண்ணை மூடிக்கொண்டார். "ஆதிமூலம், ஐயாவுக்குக் கை கழுவத் தண்ணீர் காட்டு."

"கைய மட்டும்தானா சார்?" என்றான் ஆதிமூலம். தங்கராசு ஏப்பம் விட்டுக்கொண்டு, கொஞ்சமும் வெட்கப்படாமல் வெளியேறினார்.

மேஜைமேல் நாற்பது வாரத்துக் கட்டுரைகள் கிடந்தன. தேவநாதன் அவற்றை நான்காவது முறையாகப் புரட்டினார். ஒரு பெயர், ஒரு தெரு, ஒரு நண்பர், எதுவும் சிக்கவில்லை. எரிச்சலில் கத்தையையே தள்ளிவிட்டார். ஆதிமூலம் அதை எடுத்து அடுக்கினான்.

"இவனெல்லாம் ஒரு மனுசனா சார்? நாப்பது வாரம் மெட்ராஸ் ஹோட்டலா ஏறி எறங்கியிருக்கான். ஒரு எடத்துலகூட காபி குடிக்கலியே! ஹோட்டலுக்குப் போயிட்டு காபி குடிக்காம எந்திரிச்சு வர்றவன நம்பலாமா?"

தேவநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இன்னொரு தடவை சொல்."

"காபி இல்ல சார். எங்கயுமே."

"தோசை?"

ஆதிமூலம் வேகமாகப் புரட்டினான். "இல்ல. பூரியும் இல்ல. ரவா தோசையும் இல்ல. வடை, அல்வா, புளியோதரை, மைசூர்பாகு, அடை, பொடி தடவின இட்லி..."

"சர்வரைப் பற்றி? கூட்டத்தைப் பற்றி? மின்விசிறி ஓடுகிறதா என்பதைப் பற்றி?"

"ஒரு வரி கெடையாது. இங்க பாருங்க: 'ஆறின பிறகும் பஞ்சாக இருப்பதுதான் இட்லி.' சுடச்சுட ஒண்ணு சாப்பிட்டு வைக்க வேணாமா?"

"சாப்பிட முடியாது ஆதிமூலம். அவர் எந்த ஹோட்டலுக்கும் போனதே இல்லை. பொட்டலத்தில் வந்து சேரக்கூடியதை மட்டும்தான் சாப்பிட்டிருக்கிறார். எழுதிய ஹோட்டல்கள் எல்லாம் எங்கே இருக்கின்றன?"

ஆதிமூலம் விரல் விட்டு எண்ணினான். எல்லாமே பிராட்வேயிலிருந்து நடக்கிற தூரம். பிராட்வேயில்தான் வெளியூர் பஸ்கள் நிற்கும்.

"ரெண்டு மணிக்கு மெட்ராஸ் வண்டி வருது சார்" என்றான் அவன்.

வண்டி மூன்றேகாலுக்குத்தான் வந்தது. திண்டிவனத்தில் டயர் பஞ்சராம். அதுவரை இருவரும் வேப்பமரத்தடியில் நின்றார்கள். வல்லத்துக்கு, அனந்தபுரத்துக்கு என்று வண்டிகள் வந்து புழுதியை இறைத்துவிட்டுப் போயின.

மெட்ராஸ் பஸ்ஸிலிருந்து ஜனங்கள் இறங்கினார்கள். கடைசியாகக் கண்டக்டர் இறங்கினார். தோளில் தோல்பை, கையில் ஒரு மஞ்சள் பை. பை அடியில் எண்ணெய்க்கறை. மேலே ஏறி இரண்டு காலி டின்களைக் கூலியாள் தலையில் இறக்கி வைத்தார்.

தேவநாதன் நேராகப் போனார். "கண்டக்டர், அந்தப் பொட்டலம் சந்திர நிவாஸ் வடையா? அதைச் சாப்பிட்டால் கால் வீங்கும் என்று உங்களுக்குத் தெரியாதா?"

கண்டக்டர் வீராசாமிக்கு முகம் வெளுத்தது. "அய்யய்யோ, இல்ல சார்! அந்தக் கடைப் பக்கமே போவாதன்னு அவங்கதான் அப்பவே சொல்லிட்டாங்களே!"

"அவங்க யார்?"

வீராசாமி நாக்கைக் கடித்துக்கொண்டார். "எவங்க? நான் ஒண்ணும் சொல்லலியே. எம் பொஞ்சாதிக்கு வாங்கியாந்தது சார் இது."

"பொஞ்சாதிய 'அவங்க'ங்கிற கண்டக்டர இப்பதான் பாக்கறேன்" என்றான் ஆதிமூலம்.

வீராசாமி நடையைக் கட்டினார். இருவரும் இருபது கஜம் விட்டுப் பின்தொடர்ந்தார்கள். கடைவீதியின் நடுவில் ஓர் எண்ணெய்க் கடை. கூலியாள் காலி டின்களை வாசலில் இறக்கினான். வீராசாமி பக்கத்துச் சந்தில் நுழைந்து வெளியே வந்தபோது கையில் மஞ்சள் பை இல்லை.

கல்லாவில் கடைக்காரர் ரங்கநாதன் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது, பருத்த தேகம். தேவநாதன் கடையேறி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நாக்கு நாராயணன் என்ற பெயரில் எழுதுவது நீங்கள்தானே?"

"யாரு? இன்னா எழுதறது?"

"மெட்ராஸ் ஹோட்டல்களைப் பற்றி."

ரங்கநாதன் எழுந்தே விட்டார். "ஹோட்டல் சோறா? எங்க நைனா காலத்துலேருந்து இந்த வீட்டுல எவனும் ஹோட்டல் படி மிதிச்சதில்ல. மெட்ராசுக்குப் போனாகூட கட்டுச்சோறுதான். யாருய்யா நீ? வியாபாரம் பண்ற எடத்துல வந்து..."

அவர் கோபத்தில் நடிப்பு இல்லை. தேவநாதனுக்கு அது நன்றாகவே தெரிந்தது. அதுதான் அவருக்கு ஆத்திரத்தை மூட்டியது. மூன்று நாள் அலைச்சலில் கிடைத்த ஒரே நூல், அதுவும் கையோடு அறுந்துவிட்டது. "மன்னியுங்கள்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அதே நேரத்தில் ஒரு விவசாயி சின்னச் செம்பில் எண்ணெயோடு கடையேறினார். "வூட்டுச் செக்குல ஆட்டனது மொதலாளி. எடுத்துக்குவீங்களா?"

ரங்கநாதன் ஒரு கரண்டியில் ஊற்றிக் கதவுத் திரைக்குப் பின்னால் நீட்டினார். அதை வாங்கிக்கொண்டது வளையல் இல்லாத ஒரு கை. கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து ஒரு பெண்குரல்.

"கடல நல்ல கடலதான். மூட்ட மூணு நாள் ஈரத்துல கெடந்திருக்குது. விளக்குக்கு ஆகும், வாய்க்கு ஆகாது."

விவசாயி தலையைச் சொறிந்தார். "ஆமாங்க. போன வாரம் மழையில நனைஞ்சிடுச்சி."

தேவநாதன் தெருவிலேயே நின்றுவிட்டார்.

"ஆதிமூலம்! கண்டக்டர் 'அவங்க' என்றார். ஆண் என்று யார் சொன்னது?"

"அந்த நாராயணன்ங்கற பேருதான் சார் சொல்லிச்சு" என்றான் ஆதிமூலம் வாயைப் பிளந்தபடி.

சந்துப் பக்கத்துக் கதவைத் தட்டியதும் அவளே திறந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். வெறும் நெற்றி, வெள்ளைப் புடவை. பின்னால் கூடத்தில் மஞ்சள் பை பிரிந்து கிடந்தது. அவர்களைப் பார்த்ததும் அவள் கேள்வியே கேட்கவில்லை.

"வீராசாமி சொல்லிட்டுப் போனாரு. உள்ள வராதீங்க. அண்ணன் கடையில இருக்குது. இங்கயே சொல்லுங்க."

அவள் பெயர் உண்ணாமலை. ரங்கநாதனின் தங்கை. பத்தொன்பது வயதில் புருஷன் போய்விட, அண்ணன் வீட்டோடு வந்து சேர்ந்தவள். கடைக்கு வருகிற ஒவ்வொரு எண்ணெயும் அவள் நாக்கைத் தாண்டித்தான் டின்னுக்குள் போகும். மெட்ராசை அவள் பார்த்ததே இல்லை. வீராசாமியின் மனைவி பிரசவத்தில் தவித்தபோது கூட இருந்து பார்த்துக்கொண்டவள் என்பதால், அவள் கேட்டதை அவர் தட்டாமல் வாங்கி வந்தார்.

"பட்டணத்துல இன்னா திங்கறாங்கன்னு தெரிஞ்சிக்க ஆசை. வேற இன்னா இருக்குது எனக்கு? சாப்ட்டேன், எழுதினேன். ஜனங்க படிக்கறாங்கன்னு வீராசாமி சொல்லுவாரு."

"சந்திர நிவாஸ் வடை எப்போது வந்தது, அம்மா?" தேவநாதன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"மாசி மகத்தன்னைக்கு."

பங்குனிக்கு முன்னால்! ஆதிமூலம் தேவநாதனின் தோளையே பிடித்து உலுக்கிவிட்டான். "சம்பந்தம் பொழச்சாரு சார்!"

"அம்மா, திங்கட்கிழமை கோர்ட்டில் இதை நீங்கள் சொல்ல வேண்டும். வீராசாமியும் சொல்லட்டும். இரண்டு வாக்கியம் போதும், ஒரு நிரபராதி வீடு திரும்புவார்."

அவள் கதவின் தாழ்ப்பாளை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"எண்ணெய் எங்கேருந்து வந்துச்சின்னு கேப்பாங்களா?"

"கேட்பார்கள். தெரியாது என்று சொல்லலாமே. ஒரு வடையைத் தின்று எண்ணெய் எந்த ஊர் என்று யாரால் சொல்ல முடியும்?"

"என்னால முடியும்" என்றாள் உண்ணாமலை. "அது எங்க எண்ணெய்."

ஆதிமூலம் தேவநாதனின் தோளிலிருந்து கையை எடுத்தான்.

"தை மாசத்துலேருந்து சில டின்ன அண்ணன் என்கிட்ட காட்டறதில்ல. குடோன்ல ஒரு மூட்ட இருந்துச்சி. கடுகாட்டம் கறுப்பா வெத. இது இன்னாண்ணான்னு கேட்டேன். வெளக்கு எரிக்கற எண்ணெய்க்குன்னுச்சி. அப்பறம் வீராசாமி அந்த வடைய கொண்டாந்தாரு. வாயில வச்சதும் எங்க எண்ணெயில அந்த வெதய ஆட்டிக் கலந்திருக்குதுன்னு தெரிஞ்சிடுச்சி. அண்ணன்கிட்ட கேக்க பயம். பத்திரிகையில போட்டா ஹோட்டல்காரன் எண்ணெய மாத்திடுவான், யாருக்கும் ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சேன். அன்னைக்கே எழுதிப் போட்டேன் சார். அவங்க போடவே இல்ல. வாராவாரம் புரட்டிப் புரட்டிப் பாத்தேன்."

உண்ணாமலைக்குப் பின்னால் ஓர் உருவம் அசைந்தது. ரங்கநாதன் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாய் நிற்கிறார் என்று தெரியவில்லை. அவர் பார்வை பிரிந்து கிடந்த பொட்டலத்தில் இருந்தது.

"இத்தன வருசம் சோறு போட்ட வீடு" என்றார். "ஊர் உலகத்துக்கு நாயம் சொல்ல உன் நாக்க யாரு கேட்டாங்க?"

"நீதாண்ணா கேட்ட" என்றாள் அவள். "பதினாறு வருசமா தெனம் நீதான் கேட்ட. ரெண்டு பேரு செத்துட்டாங்கண்ணா."

ரங்கநாதன் கடைக்குத் திரும்பிப் போனார். உண்ணாமலை கதவைச் சாத்தும் முன் மெதுவாகச் சொன்னாள்: "காலையில மொத வண்டி ஆறு மணிக்கு."

அன்று இரவு சத்திரத்தில் தேவநாதன் சரியாகத் தூங்கவில்லை. அவர் தேடியது ஒரு சாட்சியை. கிடைத்ததோ, சொந்த அண்ணனை ஜெயிலுக்கு அனுப்ப வேண்டிய தங்கை. அவள் வராவிட்டால் குற்றம் சொல்ல அவருக்கு வாய் இல்லை. வந்தாலும் சந்தோஷப்பட மனம் இல்லை.

"வழக்க ஜெயிச்சும் தோத்த மாதிரி இருக்கு சார்" என்றான் ஆதிமூலம் இருட்டில். அதில் கிண்டல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு அவள் வந்தாள். கையில் ஒரு துணிப்பை. பெண்கள் பக்கத்து சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வீராசாமி அவள் முகத்தைப் பார்க்காமல் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். டிரைவர் எஞ்சினைக் கிளப்பிய நேரத்தில் கடைவீதியிலிருந்து ரங்கநாதன் வேகமாக வந்தார். தேவநாதன் எழுந்து படிக்கட்டை மறித்து நின்றார்.

"வழி விடுங்க சார். அடிக்க வரல."

மூச்சிரைக்க ஏறினார். கண்கள் சிவந்திருந்தன. தங்கைக்கு எதிர் சீட்டில் உட்கார்ந்து, அவளைப் பார்க்காமல் பேசினார்.

"சந்திர நிவாசுக்கு மட்டும் போவல. இன்னும் மூணு எடத்துக்கு அனுப்பியிருக்கேன். இன்னைக்கும் அந்த எண்ணெயிலதான் வாணலி காயும்."

உண்ணாமலை பையிலிருந்து பென்சிலும் காகிதமும் எடுத்தாள். "பேரச் சொல்லுண்ணா."

அவர் இரண்டு பெயர்களைச் சொன்னார். அவள் எழுதினாள்.

"மூணாவது, நந்தவன கபே."

பென்சில் நின்றது. ஆதிமூலத்துக்கும் அந்தப் பெயர் தெரியும். இரண்டு மாதங்களுக்கு முன், மெட்ராசில் ஒரே ஒரு ஹோட்டலுக்குத்தான் போக முடியும் என்றால் நந்தவன கபேக்குப் போங்கள் என்று நாக்கு நாராயணன் எழுதியிருந்தார்.

"அப்ப நல்ல எண்ணெயா இருந்துச்சே" என்றாள் அவள். "சத்தியமா நல்ல எண்ணெய்ணா."

"நல்ல எண்ணெய்தான். நீ... அந்தப் பொஸ்தகத்துல வந்த பெறகு கூட்டம் தாங்கலியாம். வாங்கற எண்ணெய் பத்தலன்னு தேடிக்கிட்டு என்கிட்ட வந்தான்."

பஸ்ஸில் வேறு யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. கோழிக்கூடையோடு ஏறிய ஒரு கிழவர் இடம் தேடிக்கொண்டிருந்தார். உண்ணாமலை குனிந்து மூன்றாவது பெயரையும் எழுதினாள். காகிதத்தைத் தேவநாதனிடம் நீட்டினாள்.

"இங்கே தபால் ஆபீசுக்கு இன்று லீவு. திண்டிவனம் எக்ஸ்சேஞ்சில் இறங்கி மெட்ராஸ் போலீசுக்கு டிரங்க் கால் போடுகிறேன், அம்மா" என்றார் அவர்.

"அங்க போய்ச் சேர எத்தன மணி ஆவும்?"

"ஒரு மணி நேரம்."

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. குடும்பம் குடும்பமாய் ஹோட்டலுக்குப் போகிற நாள். ஏழு மணிக்கெல்லாம் நந்தவன கபே வாசலில் வரிசை நின்றுவிடும்.

"வீராசாமி, வண்டிய எடுக்கச் சொல்லுங்க" என்றாள் உண்ணாமலை. "யாரும் ஏற வேணாம். திண்டிவனம் வரைக்கும் வழியில எங்கயும் நிறுத்த வேணாம்."